நிமிர்ந்த துடுப்பு

போர்க்காலக் கடற்கரை ஒன்றில், சிறிய தாக்குதல் படகுகளை ஓட்டப் பழக்கியவள் ஒரு பெண். சூசைநாதனைவிட மூன்று வயது இளையவள். ஆனாலும் அந்தப் படகுகளில் ஏறிய எல்லாருக்கும் அவள் அக்காதான்.

கடலில் எதைக் கண்டாலும் முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும், சுடுவது அதற்குப் பிறகுதான் என்பது அவள் விதி. மறுநாள் தனிப் படகுக்குப் பொறுப்பேற்கவிருந்த சூசைநாதனுக்கு அது பிடிபடவில்லை.

“நிண்டா அடிச்சுப்போடுவாங்கள் அக்கா. எங்களுக்கு இருக்கிறதே வேகம் ஒண்டுதான். பிறகேன் நிப்பாட்டச் சொல்லுறியள்?”

அவள் அவனைப் படகில் பூட்டியிருந்த துப்பாக்கியடியில் நிற்க வைத்து, சுக்கானைத் தான் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு அவன் சொல்வதுதான் கட்டளை என்றாள்.

உச்சி வெயில். படகு அலைகளின் முதுகில் அறைந்து அறைந்து பறந்தது. தூரத்தில், மீன்பிடி தடுக்கப்பட்ட நீரில், கரும்புள்ளியாய் ஒரு வள்ளம். அதில் ஒருவன் எழுந்தான். நீளமாய் எதையோ நேராக நிமிர்த்தினான்.

நிப்பாட்டவோ என்று அக்கா கேட்டாள். வேண்டாம், வேகமா விடுங்கோ என்று சூசைநாதன் கத்தினான். வள்ளம் கிட்ட வந்ததும் துப்பாக்கியின் விசையை அழுத்தினான்.

‘டிக்’ என்றது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் அதே சத்தம்.

அவள் எஞ்சினை நிறுத்தினாள். படகு குலுங்கி நின்றது. வள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“டேய் சூசை, வலை கிடக்குதெண்டு துடுப்பை நிமித்தினனான். கண் தெரியேல்லையோ? எங்கட ஐயா படிப்பிச்சதெல்லாம் மறந்திட்டியோ? உந்த இரைச்சலுக்கு மீன் நிக்குமோ?”

அவனுடைய அண்ணன் ஞானப்பிரகாசம். சிரித்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு வயதிலிருந்து சூசைநாதனும் வலை போட்ட இடமெல்லாம் அப்படித்தான் துடுப்பை நிமிர்த்தியிருக்கிறான். அவன் விரல் விசையைவிட்டு வரவில்லை. மற்றக் கையால் அதைப் பிரித்தெடுத்தான்.

அக்கா உள்ளங்கையை விரித்தாள். துப்பாக்கிக்குள் குண்டை அடிக்கும் ஊசி அதில் கிடந்தது.

சூசைநாதன் ஊசியையும் வள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அண்ணர் இதில நிப்பாரெண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“தெரியாது. ஆர் நிப்பினமெண்டு தெரியாதபடியாத்தான் கழட்டினனான்.”