கிழங்குக் கடைக்கு வந்த துப்பாக்கி

மலையடிவாரக் காட்டில், ஒரு சுனைக்குப் பக்கத்தில், குப்பாயி என்ற முள்ளம்பன்றி கிழங்குக் கடை வைத்திருந்தாள்.

விடிந்ததும் வள்ளிக்கிழங்கைத் தோண்டி எடுத்து வருவாள். சுனைத் தண்ணீரில் மண் போகக் கழுவுவாள். பெரிய பானையில் போட்டு வேகவைப்பாள். கிழங்கு வெந்த வாசம் கிளம்பியதும் காட்டில் யாருக்கும் வேலை ஓடாது. தொட்டுக்கொள்ளத் தேன் உண்டு, குடிக்க நெல்லிச்சாறு உண்டு. கொஞ்சம் விறகோ தேனடையோ கொண்டுவந்து போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

உட்காருவதற்கு என்று விழுந்து கிடந்த மருத மரம் ஒன்று இருந்தது. காட்டுப்பன்றி மொக்கராசும் முயல் செவத்தாளும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்பார்கள். மொக்கராசு தின்னும்போது பேசுவான். பேசும்போது கிழங்கு தெறிக்கும். “மேலே துப்பாதீங்க அண்ணே!” என்று செவத்தாள் கத்துவாள். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சத்தம் குப்பாயிக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவள் உடம்பு முழுக்க முள். ஆனால் கடைக்குள் நுழையும்போது அத்தனையையும் படிய மடக்கிக்கொள்வாள். இரண்டு பேருக்கு நடுவில் கிழங்கு எடுத்துக்கொண்டு போனாலும் யார்மேலும் ஒரு முள் படாது.

ஒருநாள் காலையில் குரங்கு சடையன் கடைக்கு வந்தான். அவன் தோளில் ஒரு துப்பாக்கி தொங்கியது.

தின்றுகொண்டிருந்தவர்கள் கிழங்கைக் கீழே வைத்தார்கள்.

“என்னப்பா இது?” என்று கேட்டாள் குப்பாயி.

“பார்த்தா தெரியலையா அக்கா? துப்பாக்கி! முந்தாநாள் வேட்டைக்காரங்க வந்தாங்க. யானைக் கூட்டத்தைப் பார்த்ததும் இதைப் போட்டுட்டு ஓடிட்டாங்க. நான் மரத்துமேலே இருந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருந்தேன். எப்படிப் பிடிக்கணும், எதை இழுக்கணும், எல்லாம் தெரியும். உள்ளே இரண்டு தோட்டா இருக்கு!”

“அதை வெளியே வச்சுட்டு வந்து சாப்பிடேன்.”

“ஏன்? தூக்கிட்டு நடக்கக் கூடாதுன்னு இந்தக் காட்டிலே சட்டம் இருக்கா?”

அப்படி ஒரு சட்டம் இல்லைதான்.

“நான் யாரையும் சுடப் போறதில்லை. சிறுத்தை வந்தா உங்களை எல்லாம் யார் காப்பாத்துவா? இனிமே உன் கடைக்கு நான்தான் காவல், அக்கா!” என்றான் சடையன்.

காவல் என்றதும் குப்பாயிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எந்தக் கடைக்கு இப்படி ஒரு காவல் கிடைக்கும்? தினமும் வருகிறவன், நல்லவன். இதற்காக அவன் மனதை நோகடிப்பானேன் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு கிழங்கைத் தேனில் தோய்த்து அவனிடம் நீட்டினாள்.

சடையன் மருத மரத்தில் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு சாப்பிட்டான். அதன் முனை செவத்தாள் பக்கம் திரும்பியிருந்தது. செவத்தாள் மெல்ல நகர்ந்தாள். அவன் குனிந்தபோது முனையும் நகர்ந்தது. அவள் பாதிக் கிழங்கை வைத்துவிட்டு எழுந்தாள்.

“பிள்ளைங்க வளையிலே தனியா இருக்கு அக்கா. நான் வரேன்!”

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாள் கடமான் வந்தது. தூரத்திலேயே நின்று எட்டிப் பார்த்தது. “வயிறு சரியில்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அணில்கள் கிழங்கை வாங்கிக்கொண்டு வேறு மரத்துக்கு ஓடின. ‘மழை வரும்போல இருக்கு, அதனாலதான் கூட்டமில்லை’ என்று குப்பாயி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

மொக்கராசு மட்டும் விடாமல் வந்தான். ஆனால் ஐந்தாம் நாள் அவன் வாயில் ஒரு அரிவாள் இருந்தது. மூங்கில் வெட்டுகிறவர்கள் காட்டில் விட்டுப்போன அரிவாள்.

“நீங்களுமா அண்ணே?” என்றாள் குப்பாயி.

மொக்கராசு அரிவாளைக் காலடியில் போட்டான். “அவன் மட்டும் வச்சிருக்கலாமா? நான் இங்கே பத்து வருஷமாச் சாப்பிடுறேன். இவனுக்குப் பயந்துகிட்டு எந்திரிச்சுப் போகணுமா?”

“நான் யாரையும் பயமுறுத்தலையே!” என்றான் சடையன்.

“நானும்தான் பயமுறுத்தலை!” என்றான் மொக்கராசு.

இருவரும் மருத மரத்தின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தபடியே தின்றார்கள். பேச்சில்லை, சிரிப்பில்லை. மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. குப்பாயி அடுப்படியிலிருந்து திரும்பியபோது ஒரு அகப்பை கை தவறிக் கீழே விழுந்தது. அவ்வளவுதான். அவள் முதுகு முள் அத்தனையும் சிலிர்த்துக்கொண்டு நின்றன!

கடை போட்ட நாளிலிருந்து அவள் முள் கடைக்குள் நிமிர்ந்ததே கிடையாது. அவளுக்கு வெட்கமாகிவிட்டது. மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டாள். ‘என் கடையில் நானே பயப்படுகிறேனே!’ என்று நினைத்தாள். ஆனாலும் அன்றைக்கும் அவள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து செவத்தாள் வந்தாள். குட்டிகளுக்குப் பசி, வேறு வழியில்லை. நெல்லிச்சாற்றுப் பானைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, “நாலு கிழங்கு கொடு அக்கா, எடுத்துட்டுப் போயிடறேன்” என்றாள் மெதுவாக.

அந்த நேரம் பார்த்து அடுப்புப் புகை காற்றில் திரும்பியது. நேரே மொக்கராசின் மூக்கில் ஏறியது. அவன் தும்மினால் காடே அதிரும்.

“ஹா...ச்சூ!”

சடையன் துள்ளித் திரும்பினான். அவன் விரல் எங்கே இருந்ததோ, எதை இழுத்ததோ, அவனுக்கே தெரியாது.

டுமீல்!

சாற்றுப் பானை சுக்குநூறானது. சடையன் பின்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டு மல்லாக்க விழுந்தான். மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன. மொக்கராசு அரிவாளைக்கூட எடுக்காமல் புதருக்குள் பாய்ந்தான்.

புகை விலகியது. செவத்தாள் நின்ற இடத்திலேயே நின்றாள். நெல்லிச்சாறு அவள்மேல் வழிந்துகொண்டிருந்தது. அவள் இடது காதின் நுனியில் ஒரு சின்னத் துண்டைக் காணோம்.

“அக்கா... நான் உயிரோட இருக்கேனா?” என்றாள்.

குப்பாயி ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். பச்சிலை பறித்துச் சாறு பிழிந்து காதில் விட்டாள். ஒரு விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் நாலு குட்டிகள் தாயில்லாமல் போயிருக்கும். அது புரிந்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. சடையன்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேலேயே அவளுக்குக் கோபம் அதிகமாக வந்தது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை ஏழு நாள் விழுங்கி வைத்திருந்தாளே!

செவத்தாளைக் கிழங்கோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் சடையனிடம் வந்தாள். அவன் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

“நான் வேணும்னு செய்யலை அக்கா!”

“தெரியும்.”

“அவர் தும்மினாரே!”

“கடைன்னா தும்முவாங்க, சடையா. பாத்திரம் விழும். பிள்ளைங்க ஓடும். இரண்டு பேர் சண்டை போடுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் நீ சுட்டா யார் மிஞ்சுவா?”

சடையன் ஓவென்று அழுதுவிட்டான். “உனக்கு முள் இருக்கு. அவருக்குக் கோரைப் பல் இருக்கு. எனக்கு என்ன இருக்கு அக்கா? போன கோடையிலே என் தம்பியைச் சிறுத்தை கொண்டுபோச்சு. நான் பக்கத்துக் கிளையிலேதான் இருந்தேன். வெறுங்கையோட பார்த்துக்கிட்டிருந்தேன்!”

குப்பாயி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தம்பி போன சேதி அவளுக்குத் தெரியும். ஆனால் சடையன் அதைத் தினமும் சுமந்துகொண்டுதான் கடைக்கு வந்து போனான் என்பது தெரியாது.

“உன் பயம் பொய்னு நான் சொல்ல மாட்டேன்” என்றாள். “ஆனா நீ எப்பவும் இதைத் தூக்கிட்டு வந்தா, உன் பயம் மத்தவங்க எல்லாருக்கும் தொத்திக்குது. சிறுத்தை இந்தக் கடைக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனா இந்த ஏழு நாளா எல்லாரும் சிறுத்தையைப் பார்த்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தாங்க. என் முதுகிலே முள் இருக்குன்னு சொன்னியே. நான் அதை விரிச்சுக்கிட்டே பரிமாறினா நீ சாப்பிட வருவியா?”

சடையன் அவள் முதுகை ஒருமுறை பார்த்தான்.

“காட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது. இது என் கடை. இங்கே சாப்பிட வர்றவங்க ஆயுதத்தை வெளியே வச்சுட்டு வரணும். உனக்கும் அதுதான், மொக்கராசு அண்ணனுக்கும் அதுதான். சம்மதம்னா நாளைக்கு வா. உனக்குக் கிழங்கு எடுத்து வைக்கிறேன்.”

சடையன் எழுந்து துப்பாக்கியோடு போய்விட்டான்.

குப்பாயி கடைக்கு இருபது அடி தள்ளி, பொந்து விழுந்த ஒரு வேங்கை மரத்தைக் காட்டி எல்லாரிடமும் சொன்னாள்: “ஆயுதம் அந்தப் பொந்துக்குள்ளே. அதுக்கப்புறம்தான் சாப்பாடு!” மொக்கராசு முணுமுணுத்தான். ஆனால் அரிவாளைக் கொண்டுபோய்ப் பொந்துக்குள் போட்ட முதல் ஆள் அவன்தான். “வாயிலே இதைக் கவ்விக்கிட்டு எப்படித் திங்கிறது? நிம்மதியாப் போச்சு!” என்றான்.

மெதுவாக ஒவ்வொருவராக வந்தார்கள். கடமானுக்கு வயிறு சரியாகிவிட்டது. அணில்கள் மருத மரத்துக்கே திரும்பின. செவத்தாள் நாலு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு, வெட்டுப்பட்ட காதை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

சடையன் மூன்று நாள் வரவில்லை. ஆலமரத்து உச்சியில் துப்பாக்கியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கசப்பு இலையைத் தின்றான். கீழே கடையில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிறுத்தை வரவில்லை. யாருமே வரவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

நாலாம் நாள் அவன் இறங்கி வந்தான். வேங்கை மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றான். துப்பாக்கியை உள்ளே வைத்தான், எடுத்தான், மறுபடியும் வைத்தான். கடையில் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

வெறுங்கையோடு அவன் உள்ளே வந்தான். நேரே செவத்தாள் முன்னால் போய் நின்றான்.

“என்னை மன்னிச்சுடு, செவத்தா.”

செவத்தாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “காது போச்சு. போகட்டும். இந்தக் குட்டியைக் கொஞ்சம் பிடி, நான் நிம்மதியா ஒரு கிழங்கு திங்கணும்!” என்று கடைக்குட்டியைத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.

அதுவரை துப்பாக்கி கிடந்த மடியில் முயல் குட்டி சுருண்டு படுத்தது. சடையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

மொக்கராசு தொண்டையைக் கனைத்தான். “இங்கே பாருடா சடையா. மரத்துமேலே இருந்தா உனக்குக் காட்டோட அந்தக் கோடி வரைக்கும் தெரியும். எங்களுக்கு மூக்குக்கு முன்னால இருக்கறது மட்டும்தான் தெரியும். சிறுத்தை வாலைப் பார்த்தாலும் போதும், ஒரு கத்து கத்து! நாங்க எல்லாரும் வரோம். நீ தனியா நிக்க வேண்டாம்.”

“நிஜமா வருவீங்களா அண்ணே?”

“கிழங்கைப் பாதியிலே விட்டுட்டு வருவேன்டா! அதைவிட வேறென்ன வேணும்?”

எல்லாரும் சிரித்தார்கள். சடையனும் சிரித்தான். கிழங்கு தெறித்தது. “மேலே துப்பாதீங்க!” என்று நாலு பக்கமும் கத்தினார்கள். குப்பாயி அடுப்பில் இன்னொரு பானையை ஏற்றினாள். அன்றைக்கு அது பத்தாமல் போய்விட்டது.

சடையன் தினமும் வந்தான். வரும்போது துப்பாக்கியைப் பொந்தில் வைப்பான், போகும்போது எடுத்துக்கொள்வான். ஐப்பசி மழை தொடங்கிய ஒருநாள், ஒரே பேச்சும் கும்மாளமுமாக இருந்துவிட்டு, வாழை இலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மரத்துக்கு ஓடினான். துப்பாக்கியை எடுக்க மறந்துவிட்டான். மறுநாளும் மறந்தான். அதை யாரும் அவனுக்கு நினைவுபடுத்தவில்லை.

நீதி: நாலு பேர் கூடும் இடத்தில் ஒருவன் ஏந்தி வரும் ஆயுதம் யாருக்கும் காவலாவதில்லை; அங்கே ஒருவரை ஒருவர் நம்புவதே எல்லாருக்கும் காவல்.