வெறுஞ்செம்பு

தேர்தல் தேதி அறிவித்ததிலிருந்து நல்லுசாமிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. மேடையில் பேசி அல்ல. எல்லாம் சம்பந்தியோடு பேசித்தான்.

சம்பந்தி ராசகண்ணு ஆற்றுக்கு அக்கரை. நல்லுசாமி இக்கரை. நடுவில் ஒரு தரைப்பாலம் இருந்தது. மாஜி எம்.எல்.ஏ. பூவராகன் கட்டியது. கட்டிய மறு மழையிலேயே அதன் நடுப்பகுதி ஆற்றோடு போய்விட்டது. அவருக்கு அடுத்து வந்தவர் தணிகாசலம். ஐந்து வருஷம் பதவியில் இருந்தும் அந்த உடைப்பை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது இருவரும் மறுபடியும் எதிரெதிரே நிற்கிறார்கள். ராசகண்ணு பூவராகன் ஆள். நல்லுசாமி தணிகாசலம் ஆள்.

"சிமெண்டைத் தின்னு ஏப்பம் விட்டது உங்க ஆளு" என்பார் நல்லுசாமி.

"அஞ்சு வருஷமா ஒரு கூடை மண்ணு கொட்டாதது உங்க ஆளு" என்பார் ராசகண்ணு.

இரண்டும் உண்மை. அதனால்தான் சண்டை முடிவேனா என்றது.

நல்லுசாமியின் மகள் வடிவு, ராசகண்ணு வீட்டு மருமகள். தலைப்பிரசவம். வளைகாப்பு நடத்தி அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். நாள் குறிக்கச் சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்தார்கள். பஞ்சாங்கத்தைப் பிரிப்பதற்குள் பேச்சில் பாலம் வந்துவிட்டது. அன்றைக்குத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தவர்கள் அப்புறம் முகம் பார்க்கவில்லை. சண்டை மட்டும் போனில் தொடர்ந்தது.

ஒருநாள் வடிவு கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் ஓட்டெல்லாம் எண்ணி முடிச்சிட்டே வாங்க. அதுக்குள்ள புள்ள பொறந்துடும். அதுக்கே வளையல் போட்டுடலாம்."

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

"ஆஸ்பத்திரி உங்க கரையில இருக்கு. ராத்திரியில வலி வந்தா, இந்த ஆத்துல என்னை எப்படிப்பா தூக்கிட்டு வருவீங்க?"

நல்லுசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மடத்துக்குப் போனார்.

ஆற்றங்கரையில் இருந்த சின்ன மடம் அது. அதைப் பார்த்துக்கொள்கிற சிவகாமி அம்மா நல்லுசாமியைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவரிடம்தான் நல்லுசாமி தீட்சை வாங்கியிருந்தார். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். ரெண்டு பேர்ல எவன் யோக்கியன்?"

"எந்த ரெண்டு பேர்?"

"ஊரே அதைத்தான் பேசுது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். இந்தக் கீரையை உருவ ஆரம்பிச்சதுக்கப்புறம் நீங்க நாலாவது ஆளு." அம்மாவின் குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. "உங்க குறை என்ன, அதைச் சொல்லுங்க."

"பாலம் ஏன் இடிஞ்சுது? அதுக்கு எனக்கு ஒரு பதில் வேணும்."

அம்மா எழுந்து ஒரு செம்பில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார்.

அந்த மடத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. குறையோடு வருகிறவர் கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்துவிடுவார்கள். பதில் சொல்ல வேண்டியவர் யாரோ, அவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் குடித்து முடித்ததும் குறையைக் கேட்க வேண்டும். நம் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் அவ்வளவு எளிதில் எரிந்துவிழ மாட்டார் என்பது கணக்கு. பிறகு பதிலையும் வெறுஞ்செம்பையும் மடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நல்லுசாமி செம்பைத் தூக்கிக்கொண்டு ஆற்று மணலில் இறங்கினார். உடைந்த பாலத்தைச் சுற்றி நடந்து, நேரே ராசகண்ணு வீட்டு வாசலில் போய் நின்றார். ராசகண்ணு செம்பைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். மடத்துத் தண்ணீரை மறுக்க முடியாது. வாங்கிக் குடித்தார்.

"பாலம் ஏன் இடிஞ்சுது?" என்றார் நல்லுசாமி.

"என்னைக் கேட்டா? நான் என்ன கொத்தனாரா?"

நல்லுசாமி திரும்பி வந்தார். கால் கடுத்தது.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டார் அம்மா.

"நான் கொத்தனாரான்னு கேக்கறாரு."

"சரியாத்தானே கேட்டிருக்காரு."

"அப்ப பூவராகன்கிட்ட போகட்டுமா?"

"நீங்க கேட்டா அவர் பதில் சொல்வாரா?"

"எங்க? என்னைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்குவாரு."

"உங்களைக் கண்டா மூஞ்சி மலர்றவரு யாரு?"

நல்லுசாமிக்குத் தணிகாசலத்தின் முகம் கண்முன் வந்தது. அம்மா செம்பை வாங்கி மறுபடியும் நிரப்பினார்.

"இடிச்சது யாருன்னு அவர்கிட்ட கேட்காதீங்க. ஏன் கட்டலைன்னு கேளுங்க. உங்க பொண்ணுக்கு வேண்டிய பதில் அதுதானே?"

நல்லுசாமி மகளுக்குப் போன் செய்தார். "சாயங்காலம் தணிகாசலம் நம்ம தெருவுக்கு வர்றாரும்மா. நேருக்கு நேரா கேட்டுடறேன்" என்றார். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

தணிகாசலத்தின் ஜீப் வெடிச்சத்தத்தோடு வந்தது. நல்லுசாமி செம்போடு முன்வரிசையில் நின்றார். தணிகாசலம் அவரைப் பார்த்ததும் ஜீப்பை நிறுத்தச் சொல்லிக் கீழே இறங்கினார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நல்லுசாமியின் தோளில் போட்டார்.

"நம்ம நல்லுசாமி அண்ணன் இருக்கிற வரைக்கும் இந்தத் தெருவைப் பத்தி எனக்குக் கவலை இல்லை!"

கூட்டம் கைதட்டியது. நல்லுசாமி செம்பை நீட்டினார். நாளெல்லாம் கத்திய தொண்டை, தணிகாசலம் மடக் மடக்கென்று ஒரு சொட்டு விடாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பொண்ணு மாசமா இருக்குன்னாங்களே. எப்படி இருக்கு?"

இதைவிட நல்ல சமயம் ஒரு மனுஷனுக்கு வாய்க்காது. நல்லுசாமியின் நாக்கு நுனிவரை பாலம் வந்தது. தோளில் புதுத்துண்டு கனத்தது. சுற்றிலும் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்குங்க ஐயா" என்றார்.

ஜீப் நகர்ந்தது. யாரோ "வாழ்க" என்றார்கள். நல்லுசாமியும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டை மடித்துப் பரண்மேல் போட்டார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

காலையில் வெறுஞ்செம்போடு மடத்துக்குப் போனபோது, அங்கே ராசகண்ணு உட்கார்ந்திருந்தார். அவர் மடியிலும் ஒரு செம்பு இருந்தது.

"நீங்க எங்க இங்க?" என்றார் நல்லுசாமி.

"மருமக சாப்பிடாம படுத்துக்கிச்சு. மனசு கேக்கல, நேத்து இங்க வந்தேன். அம்மா தண்ணி குடுத்து, பூவராகன்கிட்ட போங்கன்னாங்க. போனேன்."

"குடிச்சாரா?"

"குடிச்சாரு. எளநி இல்லையான்னும் கேட்டாரு."

"பாலம் ஏன் இடிஞ்சுதுன்னு கேட்டீங்களா?"

ராசகண்ணு செம்பின் விளிம்பைத் தடவினார்.

"இருவது வருஷப் பழக்கம். முகத்துக்கு நேரா எப்படிக் கேக்கறது? ஏன், நீங்க கேட்டீங்களா?"

நல்லுசாமி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. வடிவு. நல்லுசாமி எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. சற்று நேரத்தில் ராசகண்ணுவின் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. அவரும் எடுக்கவில்லை. இத்தனை மாதத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

அம்மா உள்ளேயிருந்து தண்ணீர்க்குடத்தோடு வந்தார். இரண்டு செம்பையும் பார்த்தார். குடத்தை இறக்கிவைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நல்லுசாமிக்குத் திடீரென்று முகம் தெளிந்தது.

"அம்மா, ஒரு வழி இருக்கு. செம்பை மாத்திக்கறோம். அவரோட ஆளை நான் நடுரோட்டுல நிறுத்திக் கேக்கறேன். எனக்கு என்ன பயம்? என்னோட ஆளை அவர் கேக்கட்டும்."

"அது சரி!" என்று ராசகண்ணு நிமிர்ந்தார். "தணிகாசலத்தை நான் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பேன்."

இருவரும் ஆவலாக அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா குடத்தைச் சாய்த்து நல்லுசாமியின் செம்பை நிரப்பினார். பிறகு ராசகண்ணுவின் செம்பை நிரப்பினார். அவரவர் செம்பை அவரவர் கையிலேயே கொடுத்தார்.

"இத்தனை வருஷமா அதைத்தானே செஞ்சுகிட்டிருக்கீங்க?" என்றார்.