அட்டை நூலகத்தின் மூன்று காவல்காரர்கள்

சுண்டக்காபுரத்தில் புத்திக்குப் பஞ்சம் எந்த வருஷம் வந்தது என்று கேட்காதீர்கள். அது போனதாகவே தகவல் இல்லை. அந்த ஊர் நூலகத்தில்தான் ஒச்சப்பன், மொக்கச்சாமி, சீனிராசு மூன்று பேரும் காவல் வேலை பார்த்தார்கள்.

நூலகம் கட்டுவதற்கு முன்னால், அது எப்படி இருக்கும் என்று காட்ட அட்டையிலும் காகிதத்திலும் சின்னதாக ஒன்று செய்திருந்தார்கள். ஒரு தலைவாழை இலை நீளம் இருக்கும். பட்டணத்திலிருந்து வந்த தமயந்தி அம்மாள், நைந்து கிடந்த அதைப் பசை தடவிப் பொறுமையாகச் சரிசெய்து, கூடத்து மேசையில் வைத்தார். வெளிச்சம் படக்கூடாது, யாரும் கை வைக்கக்கூடாது என்று சொன்னார். வெள்ளிக்கிழமை வந்து கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம். இம்மி வித்தியாசம் இருந்தாலும் மூவருக்கும் சீட்டு கிழிந்துவிடுமாம்.

மூவரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உடனே பல்பையெல்லாம் கழற்றினார்கள், ஜன்னலையெல்லாம் அடைத்தார்கள். படிக்க வந்தவர்கள் சுவரைத் தடவித் தடவி வீடு போய்ச் சேர்ந்தார்கள். அட்டைமேல் வெளிச்சம் படுகிறதா என்று பார்க்க, மூவரும் மாறி மாறி டார்ச் அடித்துக்கொண்டே இருந்தார்கள். என்ன பொறுப்பு பாருங்கள்!

இருட்டும் பசை வாசனையும் சேர்ந்தால் எலி சும்மா இருக்குமா? வியாழக்கிழமை காலையில் பார்த்தால், அட்டை நூலகத்தின் கிழக்குச் சுவரில் பெரிய ஓட்டை. எலி உள்ளே சௌகரியமாகப் படுத்திருந்தது. பிள்ளைகுட்டிக்காரன் நான், இனி என்ன செய்வேன் என்று சீனிராசு அழுதேவிட்டான்.

ஒட்டிவிடலாம் என்றான் மொக்கச்சாமி. கை வைக்கக்கூடாதே என்றான் சீனிராசு. அப்படியானால் காலால் ஒட்டலாமா என்று மொக்கச்சாமி கேட்டதும், ஒச்சப்பன் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"காகிதத்துல காலாடா? சரஸ்வதி. கண்ணு அவிஞ்சு போயிரும்."

கையும் கூடாது, காலும் கூடாது. கடைசியில் ஒச்சப்பனே வாயைத் திறந்தான்.

"அந்தம்மா அட்டையிலதான கை வைக்கக் கூடாதுன்னுச்சு? கட்டடத்துல வைக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

மற்ற இருவரும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கடப்பாரை வந்தது. நிஜ நூலகத்தின் கிழக்குச் சுவரை, அதே இடத்தில், அதே வடிவத்தில் இடித்தார்கள். சாயங்காலத்துக்குள் லாரியே நுழையலாம் போல ஆகிவிட்டது. நிம்மதியாகத் தூங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை தமயந்தி அம்மாள் வந்தார். சுவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நல்லா ஒப்பிட்டுப் பாருங்கம்மா என்று சீனிராசு பெருமையாகச் சொன்னான்.

மொக்கச்சாமிக்கு மட்டும் பொய் சொல்ல மனசு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஒரே ஒரு வித்தியாசம் பாக்கி இருக்கும்மா. அட்டைக்குள்ள எலி படுத்திருக்கு. அந்த அளவுக்கு இங்க படுக்க, கோயில் யானையை வரச் சொல்லியிருக்கோம். குளிச்சுக்கிட்டிருக்காம், இந்தா வந்துரும்."