மடையூர் வாட்டர் ஸ்கூட்டரின் சிவப்புக் கயிறு

மடையூர்க்காரர்கள் புத்தியில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. சந்தேகமிருந்தால் அவர்களையே கேளுங்கள், சொல்வார்கள். ஊர் ஏரியில் படகு விடச் சங்கம் வைத்து, ஒரு வாட்டர் ஸ்கூட்டரும் வாங்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் சுற்றுலா அதிகாரி வந்து அதில் ஒரு சுற்றுப் போகப்போகிறார். வண்டி ஓடினால் ஏரிக் குத்தகை மடையூருக்கு. ஓடாவிட்டால் பக்கத்து ஊருக்கு. அப்புறம் சங்கச் செயலாளர் கஜபதி வெளியே தலைகாட்ட முடியாது. "நான் பாத்துக்கறேன்" என்று ஊர் பூரா மார்தட்டியவர் அவர்தானே!

மத்தியானம் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். வண்டி மூச்சே விடவில்லை. கஜபதி உடனே வண்டி விற்ற கடையின் மெக்கானிக் தாவூதைப் போனில் பிடித்தார்.

"பேட்டரியில பன்னெண்டு வோல்ட் இருக்கா, பாருங்க."

வேலப்பன் குனிந்து பார்த்தார். பல தடவை ஷாக் அடித்தவர் என்பதால் சங்கத்தில் மின்சாரம் அவர் பொறுப்பு. "இருக்குங்க. மேல அச்சடிச்சே இருக்கு."

தாவூத் பெருமூச்சு விட்டார். "சரி விடுங்க. ஓடிட்டு இருக்கிற வண்டியிலிருந்து ஒரு பேட்டரியக் கழட்டி மாட்டிப் பாருங்க."

கஜபதியின் கார் கரையிலேயே இருந்தது. வேலப்பன் அதைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது நிக்குதேங்க."

"ஆமா, நிக்குது."

"ஓடிட்டு இருக்கணும்னாரே?"

நியாயந்தான். கஜபதி காரை எடுத்தார். திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஸ்பேனரும் கையுமாக வேலப்பன் கூடவே ஓடினார். பானெட் மறைத்ததில் கஜபதிக்கு வழி தெரியவில்லை. அதிகாரிக்காகப் போட்ட பந்தலில் பாதி போயிற்று. பேட்டரி மட்டும் எப்படியோ கைக்கு வந்துவிட்டது. அதை மாட்டியும் ஸ்கூட்டர் கிளம்பவில்லை.

"வண்டியோட குடுத்த அந்தச் சிவப்புக் கயிறு எங்கய்யா?" என்று கேட்டார் தாவூத்.

"நீங்க சொன்னபடி டிரைவர் கையிலதான். குளிக்கிறப்பக்கூடக் கழட்டலை."

டிரைவர் அமிர்தராஜுக்குத் தண்ணீர் என்றாலே பயம். தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், கையைத் தூக்கிக் காட்டினார். கயிற்றின் மறுமுனையில் இருந்த கிளிப்பைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார்.

தாவூத் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. "கிளிப்பை வண்டியில, பொத்தான் பக்கத்துல மாட்டணும்யா! அப்பத்தான் கிளம்பும். ஓட்டறவர் தண்ணியில விழுந்தா அது கழண்டு வண்டி தானா நிக்கும். அவ்வளவுதான், ஆளை விடுங்க!"

பழைய பேட்டரியையே திரும்பப் போட்டு, கிளிப்பை மாட்டி அழுத்தினார்கள். வண்டி உறுமியது. அப்பாடா! கஜபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எல்லாம் சரிங்க, எப்படி நிறுத்தறது?" என்றார் அமிர்தராஜ்.

"அதான் சொன்னாரே. நீ தண்ணியில விழுந்தா நிக்கும்" என்றார் கஜபதி.

"விழாம நிறுத்த முடியாதுங்களா?"

"அதைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையே."

"எனக்கு நீச்சல் தெரியாதேங்க!"

"மிதவைச் சட்டை எதுக்குப் போட்டிருக்க? மிதப்ப."

வேலப்பன் தாடையைத் தடவினார். "பின்னால உக்கார்ற அதிகாரிய என்ன பண்றது? இவன் மட்டும் குதிச்சா, அவரை அம்போன்னு விட்டுட்டுப் போன மாதிரி இருக்குமே. மரியாதையா?"

கஜபதி தீர யோசித்தார். "சரி, அவரையும் கையோட கூட்டிட்டு விழு."

அதிகாரி வந்தார். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினார். சிறுபிள்ளை மாதிரி சிரித்துக் கையசைத்தார். கஜபதிக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. கரை நெருங்கியதும், "நிறுத்துப்பா" என்றார் அதிகாரி.

"வாங்கய்யா" என்று பணிவாக அவர் கையைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு குதித்தார் அமிர்தராஜ். வண்டி சொன்னபடி நின்றது. கரையில் ஒரே கைதட்டல்.

தூறல் போட ஆரம்பித்திருந்தது. ஐயா நனையலாமா? கஜபதி மாலையும் குடையுமாக ஏரிக்குள் இறங்கினார். கழுத்தளவு தண்ணீரில் நின்ற அதிகாரிக்கு மாலை போட்டு, குடையை விரித்துப் பிடித்தார்.

"வண்டி ஓடிச்சு, நின்னுச்சு. குத்தகை எங்களுக்குத்தானுங்களே ஐயா?"

அதிகாரி வாயைத் திறந்தார். தண்ணீர்தான் வந்தது. மறுபடியும் திறந்தார். பேச்சே வரவில்லை.

கஜபதி கரையைப் பார்த்துக் கத்தினார்: "வேலப்பா! தாவூதுக்குப் போன் போடு! ஐயா ஸ்டார்ட் ஆகமாட்டேங்கிறாரு!"

"போன் எதுக்குங்க?" என்றபடி கார் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார் வேலப்பன்.