மழுங்கிய உளி

ஆற்றின் இரு கரைக்கும் ஒரே ராஜா இருந்த காலத்துக் கதை இது, கேளுங்கள்.

இக்கரையில் ஆனையப்பன் என்றொரு மரக்கடைசல்காரன் இருந்தான். தம்பி சுடலை எதிரே ஒரு பலகையில் உட்கார்ந்து, மரத்தில் சுற்றிய கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பான். மரம் சுழலும். ஆனையப்பன் உளி பிடிப்பான். அவன் உளியும் கூர், பேச்சும் கூர். ஒருநாள் கயிறு சற்றே தளர்ந்தது.

"எருமைகூட இதைவிட ஒழுங்கா இழுக்கும்" என்றான்.

சுடலை கயிற்றைக் கீழே வைத்தான். அக்கரைக்குப் போய்விட்டான்.

அந்த வாரமே அரண்மனையிலிருந்து மூன்று பித்தளைத் துண்டுகள் வந்தன. இளவரசனைத் தொட்டிலில் இட இன்னும் பத்து நாள். அதற்குள் அவற்றில் ஒன்றைத் தொட்டிலுக்குக் குமிழாகக் கடைந்து தர வேண்டும். தவறினால் பட்டறை வேறொருவனுக்கு.

ஆனையப்பன் பித்தளையைத் தொட்டதே இல்லை. இழுக்கவும் ஆள் இல்லை. மேலே ஒரு மூங்கிலை வளைத்துக் கட்டி, கயிற்றை அதிலிருந்து இறக்கி, துண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, கால்மிதியில் முடிந்தான். மிதித்தால் துண்டு முன்னே சுழலும். விட்டால் மூங்கில் திருப்பி இழுக்கும். மூங்கிலுக்குக் கோபம் வராது. பேச்சும் வராது.

உளியைத் தீட்டி வைத்தான். உளி பித்தளையைக் கடித்து இழுத்தது. முதல் துண்டு கோணிப்போயிற்று. இன்னும் கூராகத் தீட்டினான். இரண்டாவது துண்டு பிடுங்கிக்கொண்டு பறந்தது.

மூன்றாவதை எடுக்கக் கை வரவில்லை. இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தான். பட்டறையில் கேட்டதெல்லாம் அவன் மூச்சு மட்டுந்தான்.

பிறகு, கெட்டுப்போன துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தான். உளி வழுக்கிய தடம் எங்கும் இல்லை. ஆழமாய்க் குத்தி இறங்கிய தடம் இருந்தது. அப்படியானால் உளிக்குக் கூர் போதாமல் இல்லை. கூர் அதிகம்.

உளியின் விளிம்பைக் கல்லில் லேசாக உரசி மழுக்கினான். மெல்ல வைத்தான். மெல்ல மிதித்தான். பித்தளை மாவாய் உதிர்ந்தது. பத்தாம் நாள் காலையில், நெல்லிக்காய்போல ஒரு குமிழ் அவன் உள்ளங்கையில் இருந்தது.

"பார்றா" என்று திரும்பினான். தம்பியின் பலகை காலியாக இருந்தது.

குமிழை அரண்மனையில் கொடுத்துவிட்டு, நேரே ஓடம் ஏறினான். அக்கரையில் சுடலை வேலி கட்டிக்கொண்டிருந்தான். ஆனையப்பன் நடந்ததையெல்லாம் சொன்னான்.

"உளியை மழுக்க உனக்குப் பத்து நாளாண்ணே?" என்றான் சுடலை, தலை நிமிராமல்.

"உளிக்குப் பத்து நாள்தான். நாக்குக்கு அதைவிட அதிகம். நான் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா."

சுடலை வேலியின் அடுத்த முடிச்சை இறுக்கினான். ஆனையப்பன் தனியாகவே திரும்பினான். மூங்கிலை அவிழ்த்தான். கயிற்றைத் தம்பியின் பலகைமேல் வைத்தான்.

முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், உளியோடு குனிந்திருந்த ஆனையப்பனின் எதிரே கயிறு விறைத்தது, மரம் சுழன்றது.

எதிரே இருப்பது எவ்வளவு தாங்கும் என்று பாராமல் கூர்மையை மட்டுமே காட்டுகிறவன், கையில் இருப்பதையும் கூட இருப்பவரையும் இழப்பான்.