கூடத்தில் நின்ற நாரை

"அம்மா, என் வீட்டுக் கூடத்துல ஒரு நாரை வந்து நிக்குது," என்றார் ஏகாம்பரம்.

நாச்சியாரம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"விரட்டு."

"விரட்டிட்டேன்மா. திரும்பத் திரும்ப வருது. ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு தரையையே பாக்குது. டைல்ஸ் போட்ட தரை. அதுல பாக்க என்ன இருக்கு?"

ஏகாம்பரம் பல வருஷமாக நாச்சியாரம்மாவிடம் தியானம் பழகுகிறவர். அம்மா அவரைவிட வயதில் சின்னவர்தான். மனதைச் சும்மா வைத்திருக்க ஏகாம்பரத்துக்கு இன்னும் வரவில்லை, கையையும்தான். நகரத்து ஓரத்தில், பறவைகளுக்கென்று அரசாங்கம் வேலி போட்டு வைத்திருக்கும் சதுப்பு நிலத்தில், எல்லைக்கல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டார். இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் கொட்டி மேடாக்கி, வீடு கட்டிவிட்டார்.

"எல்லாரும் செய்யறதுதானே," என்பார்.

"வேற என்ன?" என்றார் அம்மா.



"கிரகப்பிரவேசத்தன்னிக்கு பசுமாட்டை உள்ள கூட்டிட்டு வந்தோம். கூடத்துக்கு வந்ததும் தலையைக் குனிஞ்சு தண்ணி குடிச்சுதும்மா. வயிறு முட்டக் குடிச்சுது. தரை காஞ்சுதான் கிடந்தது. சொந்தக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல."



"பொண்ணு குமுதா பிரசவத்துக்கு வந்து, புள்ள பொறந்திருக்கு. பச்சைக்குழந்தை இருக்கிற வீடு. ஏதாவது பரிகாரம் சொல்லுங்கம்மா."

அம்மா எழுந்தார்.

"வா, பாக்கலாம்."

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அத்தனை பறவைகள் இருந்தும் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. ஏகாம்பரத்துக்கு அதுவே பயமாக இருந்தது.

வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினார். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டார்.

"எதுக்கும்மா?"



அம்மா நிலைப்படியைத் தாண்டி, காலை மெதுவாக விட்டு, ஆழம் பார்த்து ஊன்றினார். போகப் போக அவர் நடை கனத்தது. கூடத்தின் நடுவே இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே உயர்த்திக்கொண்டார்.

பெரிய மனுஷி இப்படி விளையாடுகிறாரே என்று ஏகாம்பரம் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

அம்மா திரும்பி வந்து வாசலில் நின்று புடவையைப் பிழிந்தார்.

தண்ணீர் கொட்டியது. பாசி நாற்றம் அடித்தது. அவருக்குப் பின்னால் டைல்ஸ் பளபளவென்று காய்ந்து கிடந்தது.

"நடுவுல இடுப்பளவுக்கு மேல இருக்கு," என்றார். "குழந்தை எங்க?"

"உள் ரூம்ல... தூங்குதும்மா."

"தொட்டில்லயா?"

"இல்லம்மா. கீழ... பாய்ல."

அம்மா அவரையே பார்த்தார்.

"குமுதா!" ஏகாம்பரம் அலறிக்கொண்டே கூடத்தில் இறங்கினார். "புள்ளையத் தூக்கும்மா! மேல தூக்கிப் பிடி!"