காலி டிராயரில் சிவப்பு சாக்பீஸ்

சீடருக்கு வயது நாற்பத்தைந்து. குருவுக்கு முப்பத்தெட்டு. சீடர் குருவை 'மேடம்' என்பார். குரு சீடரை 'சார்' என்பார். இதில் இரண்டு பேருக்குமே எந்தச் சங்கடமும் இல்லை என்றுதான் ஆவுடையப்பன் ரொம்ப காலமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டே, சனி ஞாயிறுகளில் திருநெல்வேலிக்கு வந்து எம்.எஸ்ஸி. படித்தவர் அவர். பாடம் நடத்தியவர் செண்பகவல்லி. பலகையில் செண்பகவல்லி போட்ட கமாவைக்கூட விடாமல், முதல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார் ஆவுடையப்பன். எல்லாப் பேப்பரிலும் அவர்தான் முதல். "ஆவுடையப்பன் சாருக்கு டவுட்டே வராதுடே" என்று கூடப் படித்த பையன்கள் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழும்போது அவருக்கு இனிக்கும்.

அந்தப் பட்டத்தை வைத்து, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூட வாத்தியார் கல்லூரி வாத்தியாரானார். சட்டையை இன் பண்ணினார். அதுவரை இல்லாத ஒரு கனைப்பும் தொண்டையில் வந்து சேர்ந்தது.

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் கணங்கள், அதாவது 'செட்' பாடம். பலகையில் பெரிதாக எழுதினார்:

'வெற்றுக்கணம் எல்லாக் கணங்களுக்கும் உட்கணம்.'

ஒரு கூட்டத்தில் இருப்பதெல்லாம் இன்னொரு கூட்டத்திலும் இருந்தால், முதல் கூட்டம் இரண்டாவதன் உட்கணம். உள்ளே ஒன்றுமே இல்லாத கூட்டம் வெற்றுக்கணம். இவ்வளவுதான் பாடம். அடிக்கோடு போடச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் முப்பிடாதி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"சார், அதுக்குள்ளதான் ஒண்ணுமே இல்லையே?"

"ஆமா."

"ஒண்ணுமே இல்லாதது எப்படி சார் எல்லாத்துக்குள்ளயும் இருக்கும்?"

"அது அப்படித்தான். எழுதிக்கோ."

"எழுதிட்டேன் சார். ஏன்னுதான் கேக்கேன்."

ஆவுடையப்பன் கனைத்தார். பதிலைத் தேடி உள்ளே கையை விட்டார். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வியர்த்தது. வாத்தியாருக்கு வியர்த்தால் அடுத்து கோபம்தான் வரும்.

"இதுக்கெல்லாம் டவுட் வருதுன்னா நீ காமர்ஸுக்குப் போயிருக்கணும்மா. இங்க வந்து ஏன் கஷ்டப்படுத?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. காமர்ஸ் வாத்தியார் கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். முப்பிடாதி சண்டைக்கு வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அந்த வகுப்பில் யாருமே எதுவுமே கேட்கவில்லை. பாடம் வேகமாக ஓடியது.

புதன்கிழமை காலை ஆபீஸ் பக்கம் போனபோது, அங்கிருந்த கிளார்க் சொன்னார்.

"சார், ஒங்க கிளாஸ் பிள்ளை ஒண்ணு காமர்ஸுக்கு மாத்தக் கேட்டு வந்துச்சு. முப்பிடாதின்னு."

"எதுக்காம்?"

"கணக்கு எனக்கு வராதுன்னு சார் சொல்லிட்டாங்கன்னுச்சு. மார்க்கைப் பாத்தா கணக்குலதான் கூட வாங்கியிருக்கு. நாளைக்கு மத்தியானம் அவங்கப்பாவைக் கூட்டிட்டு கையெழுத்துப் போட வருது. மாறுறதுக்கு நாளைக்குத்தான் கடைசி."

'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று ஆவுடையப்பன் சொல்ல வாயெடுத்தார். பிறகு, தான் சொன்னதற்கு வேறு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பார்த்தார். வேறு அர்த்தம் கிடைக்கவில்லை.

நூலகத்துக்குப் போய் மூன்று புத்தகங்களை எடுத்துப் பிரித்தார். முதல் புத்தகம் 'இது வெளிப்படை' என்று சொல்லிவிட்டு அடுத்த தேற்றத்துக்குப் போயிருந்தது. இரண்டாவது 'எளிதில் விளங்கும்' என்றது. மூன்றாவது அதைப் பயிற்சிக் கணக்காக வாசகர் தலையில் கட்டியிருந்தது. ஆவுடையப்பனுக்கு அவமானமாக இருந்தது. தான் செய்ததைத்தானே இவர்களும் செய்திருக்கிறார்கள்?

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார்.

செண்பகவல்லி துறை அறையில் தனியாக இருந்தார். மேஜையில் விடைத்தாள் கட்டு. பழைய மாணவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க சார். சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு மேடம்." சாப்பிடவில்லை.

நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண்ணின் கேள்வியைச் சொன்னார். கையெழுத்துப் போட வருவதைச் சொன்னார். காமர்ஸ் விஷயத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். செண்பகவல்லிக்கு அதுவும் நன்றாகவே கேட்டது.

"அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு பதில் சொல்லிட்டா நின்னுரும் மேடம். எனக்குப் பதில் தெரியல. அதான் வந்தேன்."

செண்பகவல்லி சுவரோரம் இருந்த பழைய மேஜையைக் காட்டினார்.

"சார், அந்த மேஜை டிராயர்ல இருக்க சாக்பீஸ் எல்லாம் சிவப்பு. நான் சொல்லுதது பொய்யின்னு காட்டுங்க."

ஆவுடையப்பன் எழுந்து போய் டிராயரை இழுத்தார். அது பாதி வந்து சிக்கிக்கொண்டது. ஓர் உலுக்கு உலுக்கித் திறந்தார். உள்ளே கொஞ்சம் வெள்ளைத் தூசி இருந்தது, அவ்வளவுதான்.

"இதுல சாக்பீஸே இல்லையே மேடம்."

"இருக்குன்னு நான் எங்க சொன்னேன்? இருக்கதெல்லாம் சிவப்புன்னுதானே சொன்னேன்."

"அது எப்படி..."

"பொய்யின்னா, சிவப்பா இல்லாத ஒரு சாக்பீஸை அதுலருந்து எடுத்துக் காட்டுங்க. ஒண்ணு போதும்."

ஆவுடையப்பன் டிராயரைப் பார்த்தார். செண்பகவல்லியைப் பார்த்தார். மறுபடியும் டிராயரைப் பார்த்தார்.

"முடியாது."

"அப்ப நான் சொன்னது?"

"பொய் இல்ல."

"அதுல இருக்கதெல்லாம் பச்சைன்னு சொன்னா?"

"அதுவும் பொய் இல்ல மேடம்." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதைச் சொன்னாலும் பொய் ஆகாது. பொய்யாக்கணும்னா உள்ள ஒண்ணாவது இருக்கணும்."

"உங்க வெற்றுக்கணம்?"

"அதே கதைதான்! அது உட்கணம் இல்லைன்னு சொல்லணும்னா, அதுக்குள்ள இருந்து, மத்த கணத்துல இல்லாத ஒண்ணை எடுத்துக் காட்டணும். எடுக்க எதுவும் இல்ல. அதனால எல்லாத்துக்கும் அது உட்கணம்."

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு எழுதிப்போட்ட ஒரு வரி. இன்றைக்குத்தான் அது என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் அறைக்குள்ளேயே நாலு எட்டு நடந்தார். இவ்வளவுதானா? இதற்குப் போயா வியர்த்தது?

பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பினார். சந்தோஷத்தோடு சேர்த்து மனதில் ஒரு சின்ன ஆதங்கமும் வந்திருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"இதை அன்னிக்கே நீங்க வகுப்புல சொல்லியிருந்தா, எனக்கு இந்தக் கதி வந்திருக்காது மேடம்."

செண்பகவல்லி விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்லியிருக்கேனே சார்."

"ஆமா மேடம், அதுல என்ன..."

பேச்சு அங்கேயே நின்றது. டிராயரை அவர் மூடியிருக்கவில்லை. அது வாயைத் திறந்துகொண்டு அவருக்கு நேர் எதிரே இருந்தது.

ஆவுடையப்பன் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

சந்தேகம் வராமலா இருந்தது? வாரா வாரம் வந்தது. தன்னைவிட வயதில் சின்ன ஒரு பெண்ணிடம், மீசை முளைக்காத பையன்கள் முன்னால், பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் கணக்கு நடத்திய ஆள் எழுந்து நின்று 'புரியவில்லை' என்று சொல்வதா? அந்த வெட்கத்துக்குத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார். அதற்குத்தான் 'டவுட்டே வராத ஆள்' என்று பெயர் வாங்கினார். அந்தப் பெயர் இப்போது அவருக்கு இனிக்கவில்லை.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா மேடம்?"

"முகத்தைப் பாத்தா தெரியாதா சார்? கேப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க."

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. செண்பகவல்லி இன்னொரு தாளைத் திருத்தி முடித்தார்.

"அந்தப் பிள்ளை நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது மேடம்."

"போகட்டுமே."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார்.

"அவ போயிட்டா உங்க வகுப்புல கேக்க ஆள் இருக்காது" என்றார் செண்பகவல்லி. "அப்புறம் நீங்களும் என்னை மாதிரிதான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன வாத்தியார். யாராலயும் பொய்யின்னு காட்ட முடியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இங்கே வரும்போது ஆவுடையப்பன் அந்தப் பெண்ணிடம் ஒரு பதிலைக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தார். பதில் கையில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவள் வாங்கிக்கொள்வாளா? வகுப்பே சிரித்தபோது அவள் அப்படியே உட்கார்ந்தது கண்ணுக்குள் நின்றது. படிக்கும்போது முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவர் பயந்துகொண்டே இருந்த சிரிப்பு அது. அவள் அதற்குப் பயப்படாமல்தான் எழுந்தாள். அந்தச் சிரிப்பை மூட்டிவிட்டவர் அவர்தான்.

கடைசியில் கேட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

செண்பகவல்லி பேனாவை மூடி வைத்தார். இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

"கேளுங்க சார்."

"வகுப்புல எல்லாப் பிள்ளைங்க முன்னாலயும் நின்னு, 'அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி, எனக்குப் பதில் தெரியல, அதான் கோபப்பட்டேன், தப்பு என் மேலதான்'னு ஒரு வாத்தியார் சொன்னா... அப்புறம் அவருக்கு மதிப்பு இருக்குமா?"

"எனக்குத் தெரிஞ்சு, அப்படிச் சொன்ன வாத்தியார் எல்லாருக்கும் மதிப்பு கூடித்தான் இருக்கு."

ஆவுடையப்பனின் முகம் தெளிந்தது. மறு நிமிஷமே அவர் கண் டிராயர் பக்கம் போனது.

"மேடம், அப்படிச் சொன்ன வாத்தியார் யாராவது இருக்காங்களா?"

செண்பகவல்லி எழுந்து போய், திறந்திருந்த டிராயரை உள்ளே தள்ளி மூடினார்.

"நாளைக்கு உங்க வகுப்பு முடியும்போது ஒருத்தர் இருப்பாரு சார்."